கல்லூரி வேதியியல் பேராசிரியர் பணி: கற்பித்தலோடு ஆய்வும் நிலைக்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நிலையில் இருக்கிறேன். இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பதையே முதன்மையாகக் கொண்ட ஒரு கல்லூரியிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அங்கே பெரிய கருவிகள் இல்லை, முனைவர் பட்ட மாணவர்களும் இல்லை. அங்கே சேர்ந்தால் சில ஆண்டுகளில் ஆய்விலிருந்து முற்றிலும் விலகிவிடுவேன் என்று என் நெறியாளர் எச்சரிக்கிறார். கற்பிப்பது எனக்கு உண்மையாகவே பிடித்த வேலை. ஆனால் அதே முதலாண்டுப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துவதில் என் அறிவு தேங்கிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. இப்பணியில் நீண்ட காலம் இருப்பவர்கள், அன்றாட வேலை உள்ளபடி எப்படி இருக்கும் என்பதையும், ஆய்வு என்று எதையாவது தொடர முடியுமா என்பதையும் விளக்கினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

முதல் பதில் (பகுப்பாய்வு வேதியியல் கற்பிப்பவர்)

வணக்கம். கால அட்டவணையில் தெரியும் மணி நேரங்களை மட்டும் வைத்து இப்பணியை மதிப்பிட வேண்டாம். விரிவுரைக்கான தயாரிப்பு ஓரிரு ஆண்டுகளில் குறைந்துவிடும். செய்முறை வகுப்புக்கான தயாரிப்பு ஒருபோதும் குறைவதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை வகுப்பன்று காலையில் கரைத்துக் கொடுத்துவிட முடியாது. முன்னதாகவே தயாரித்து, நிற்க வைத்து, படியும் மாங்கனீசு டை ஆக்சைடை வடிகட்டி நீக்கி, ஒளி படாத குப்பியில் வைக்க வேண்டும். வடிதாளே பெர்மாங்கனேட்டை ஒடுக்கிவிடும் என்பதால், கண்ணாடி வடிகட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். தயோசல்பேட்டுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய நீர் தேவை, ஸ்டார்ச் கரைசலோ அன்றன்றைக்குப் புதிதாக இருக்க வேண்டும். நல்ல ஆய்வக உதவியாளர் இருந்தால் இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம்; இல்லாவிட்டால் எல்லாம் உங்கள் தோளில்தான். ஆகவே, சேர்வதற்கு முன் உதவியாளர் உண்டா என்பதையும், ஒரு பிரிவில் எத்தனை மாணவர்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஊதிய விவரத்துக்கு அடுத்தபடியாக உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிறவை இவைதான்.

இவ்வளவு உழைப்பும் வீண் அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். சூடான ஆக்சாலிக் அமிலத்தில் பியூரெட்டிலிருந்து விழும் முதல் சில பெர்மாங்கனேட் சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும், அதற்குப் பின் வரும் சொட்டுகள் விழுந்தவுடனே நிறமிழக்கும். அவசரப்படும் மாணவர் முதல் சொட்டிலேயே முடிவுநிலை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று, வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை விரைவுபடுத்துகிறது என்பதைக் காட்டினால், தன்வினையூக்கம் என்பது அவருக்குக் கண்ணால் கண்ட நிகழ்ச்சியாகிவிடுகிறது. நாற்பது கூம்புக் குடுவைகளுக்கு நடுவே அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடாமல் இருப்பதைத்தான் செய்முறைக் கூட ஆசிரியரின் திறமையாக நான் மதிக்கிறேன்.

மதிப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரியான விடைக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால், பக்கத்து மேசையில் கிடைத்த அளவீடே எல்லா ரெக்கார்டு நோட்டுகளிலும் இடம்பெறும். இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல, நாம் வகுத்த விதிதான் அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு செறிவுள்ள கரைசலைக் கொடுத்து, ஒத்துவராத அளவீடுகளையும் அடிக்காமல் எழுதச் சொல்லி, அவை ஏன் ஒத்துவரவில்லை என்ற விளக்கத்துக்கும் மதிப்பெண் ஒதுக்கினால் நிலைமை மாறும். திருத்துவதற்கு நேரம் கூடும் என்பது உண்மை. ஆனாலும் தரவை நேர்மையாகப் பதிவு செய்யும் பழக்கம் முதலாண்டில் வராவிட்டால் பிறகு வருவது கடினம்.

இரண்டாம் பதில் (இயற்பிய வேதியியல் கற்பிப்பவர்)

அறிவு தேங்கிவிடுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் அந்த அச்சம் இத்துறையின் வரலாற்றுக்கே பொருந்தாதது. இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ ஜெனோவாவில் தம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்தின் சுருக்கத்தை 1858இல் வெளியிட்டார். அணு எடைக்கும் மூலக்கூறு எடைக்கும் இடையே நிலவிய குழப்பத்தை அவகாட்ரோவின் கருதுகோளைக் கொண்டு வகுப்பறையில் படிப்படியாக எப்படித் தெளிவுபடுத்துகிறார் என்பதே அதன் உள்ளடக்கம். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் அந்தப் பிரசுரம் வழங்கப்பட்ட பிறகுதான் அணு எடைகளைப் பற்றிய உடன்பாடு மெல்ல உருவாயிற்று. அந்த மாநாட்டில் கலந்துகொண்ட மெண்டலீவ், பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, ஏற்ற பாடநூல் இல்லாததால் தாமே ஒன்றை எழுதினார். கார உலோகங்களுக்கு அடுத்து எந்தத் தனிமங்களை விளக்குவது என்ற, பாடநூல் எழுதும் எவருக்கும் எழக்கூடிய வரிசைச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1869இல் அவருடைய தனிம வரிசை அட்டவணை உருவாயிற்று. தொடக்கநிலைப் பாடத்தை ஒழுங்காகச் சொல்ல முயன்றதிலிருந்தே இவ்விரண்டும் பிறந்தன.

நாம் கன்னிசாரோவாக வேண்டியதில்லை. ஆனால் முதலாண்டு மாணவர் கேட்கும் கேள்வி நம் புரிதலின் அடித்தளத்தையே சோதிக்கும் என்பது எல்லா ஆசிரியருக்கும் பொருந்தும். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று நம்பிக்கொண்டே பலர் கல்லூரிக்குள் வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடே பட்டம் பெறுவோரும் உண்டு. தவறு என்று சொல்வதால் மட்டும் அது மாறிவிடாது. ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூலும், குளோரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 243 கிலோஜூலும் கொடுக்க வேண்டும், இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புகள் உருவாகும்போது 862 கிலோஜூல் கிடைக்கிறது என்று கரும்பலகையில் எழுதி, எஞ்சும் 183 கிலோஜூல் எங்கிருந்து வந்தது என்று அவர்களையே சொல்ல வைக்க வேண்டும். அப்படியும் மறு வாரம் ஒருவர், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி உடையும்போது மட்டும் ஆற்றல் வருவது எப்படி என்று கேட்பார். அப்போது நீரேற்றம், புதிதாக உருவாகும் பிணைப்புகள், கரைப்பானின் பங்கு என்று மேலும் ஆழமாகப் போக நேரும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இந்தக் கடினத்துக்கு ஒரு நல்ல விளக்கம் தந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் மாற்றம், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் உலகம், குறியீடுகளும் சமன்பாடுகளும் ஆகிய மூன்று தளங்களில் வேதியியலாளர் எளிதாகத் தாவுகிறார், புதிதாக வரும் மாணவரோ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எதிர்கொள்ளும்போது திணறுகிறார் என்பதே அதன் சாரம். என் விரிவுரைகளைத் திருத்தி எழுதும்போதெல்லாம், இந்த வாக்கியம் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், அதே பாடத்தை அதே மாதிரி இரண்டு முறை நடத்த முடிவதில்லை.

மூன்றாம் பதில் (கனிம வேதியியல் கற்பிப்பவர்)

மேலே இருவரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். செய்முறைக் கூடத்தில் நடப்பவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு; அந்தப் பொறுப்பை எந்த உதவியாளரிடமும் முழுமையாக ஒப்படைத்துவிட முடியாது. டார்ட்மவுத் கல்லூரியின் பேராசிரியர் கரேன் வெட்டர்ஹானை இத்துறையில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1996 ஆகஸ்டில், அவர் நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டியில், கையுறை அணிந்து, விதிகளைப் பின்பற்றி வேலை செய்துகொண்டிருந்தபோது, டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய நச்சுப் பாதரசச் சேர்மத்தின் சில சொட்டுகள் அவருடைய லேட்டக்ஸ் கையுறையில் விழுந்தன. அறிகுறிகள் சில மாதங்களுக்குப் பிறகே தெரிந்தன, 1997 ஜூனில் அவர் உயிரிழந்தார். அத்தகைய கையுறையை அச்சேர்மம் நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அதன் பிறகு நடந்த சோதனைகளில்தான் தெரியவந்தது. இளநிலை ஆய்வகத்தில் அந்தச் சேர்மம் இருக்கப் போவதில்லை. ஆனால் எந்தக் கையுறை எதைத் தடுக்கும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் கடமையும், நைட்ரிக் அமிலக் கழிவைக் கரிமக் கரைப்பான் குப்பியில் யாரும் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் நிச்சயம் உங்களுடையவை. கழிவை யார், எப்போது அகற்றுகிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் நான் சேர மாட்டேன்.

நான்காம் பதில் (கரிம வேதியியல் கற்பிப்பவர்)

ஆய்வைத் தொடர முடியும், ஆனால் இப்போது செய்யும் அதே ஆய்வை அல்ல. பருவத்தின் நடுவே இரண்டு வாரங்கள் தொட முடியாமல் போனாலும் கெட்டுப்போகாத சிக்கலாகவும், ஒரு மாணவர் சில மாதங்களில் முடித்துவிட்டுப் போகக்கூடிய துண்டுகளாகப் பிரியக்கூடிய சிக்கலாகவும் தேர்ந்தெடுங்கள். மெல்லடுக்கு வண்ணப்பிரிகை, உருகுநிலை, புறஊதா-கட்புல நிறமாலை ஆகியவற்றைக் கொண்டு அன்றாட முடிவுகளை எடுக்க முடிய வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) போன்றவற்றுக்கு அருகிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். குறிப்பேட்டு ஒழுங்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த ஆண்டு மாணவர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் படித்து அதே விளைபொருளைப் பெற முடியாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை நிச்சயமாகக் குறையும். அதை ஏற்றுக்கொள்ள மனம் இடம் தருகிறதா என்பதை நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்டவர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. உதவியாளர், கழிவு அகற்றல், என்எம்ஆர் வசதி ஆகியவற்றைப் பற்றி அக்கல்லூரிக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. என் ஆய்வு முழுவதும் பல்லேடியம் வினையூக்கிகளைக் கொண்டு, காற்றும் ஈரமும் புகாத பெட்டிக்குள் செய்தது. அதை இளநிலை மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்ற வழி உண்டா?

நான்காம் பதிலை எழுதியவர்

உண்டு. போரானிக் அமிலத்தையும் ஒரு கரிம ஹேலைடையும் பல்லேடியத்தின் உதவியால் இணைக்கும் சுசூகி இணைப்பு வினையில் பயன்படும் போரானிக் அமிலங்கள் பெரும்பாலும் காற்றில் நிலையானவை, நீரைக் கரைப்பானாகக் கொண்டும் அந்த வினையை நடத்தலாம். திறந்த மேசையில், மிகக் குறைந்த அளவு பல்லேடியத்தோடு, மூலக்கூறில் எந்தெந்தப் பதிலீடுகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக இணைந்த தொகுதிகள்) வரை விளைச்சல் குறையாமல் நிற்கிறது என்பதை வரிசையாகச் சோதிப்பது ஒரு மாணவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய வேலை. பொருந்தாத ஹேலைடுகளையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அவை ஏன் வினைபுரியவில்லை என்பது அடுத்த மாணவருக்கான ஆய்வுக் கேள்வி. இப்போதிருக்கும் ஆய்வகத்தை விட்டு வருவதற்கு முன், மாதிரி வினை ஒன்றைப் பெட்டிக்கு வெளியே, சாதாரண நீரில், நீங்களே நடத்திப் பார்த்துவிடுங்கள். விளைபொருளின் என்எம்ஆரை எடுத்துக்கொள்ள அங்கே இப்போது வசதி இருக்கிறது.