ஸ்கேன் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது: சட்டத் தேடலில் நமக்கு நேர்ந்தவை

சட்ட நூலகர்

தீர்ப்புகளையும் ஆவணங்களையும் கணினியில் தேடும்போது உங்களைத் திடுக்கிட வைத்த சம்பவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூலகம் மூடும் நேரத்தில் ஒரு வழக்கறிஞர் வந்தார். மறுநாள் காலை அவருக்கு வாதம். நூறு வருடத்துக்கும் முந்தைய ஒரு தீர்ப்பை டேட்டாபேஸில் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே காப்பி எடுத்து எழுத்துப்பூர்வ வாதத்தில் ஒட்டியிருந்தார். "பக்க எண் மட்டும் பார்த்துச் சொல்லுங்க மேடம், போதும்" என்றார்.

பக்க எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பத்தியைப் படித்தபோது ஏதோ இடித்தது. அதுவரை நீதிபதி சொல்லிக்கொண்டு வந்த காரணங்கள் எல்லாம் பிரதிவாதிக்குச் சாதகமானவை. முடிவு வரியில் மட்டும் 'இஸ் நவ் லையபிள்', இப்போது அவர் பொறுப்பாளி என்று இருந்தது. அந்த 'நவ்' அங்கே ஒட்டவே இல்லை.

அதே பக்கத்தின் ஸ்கேன் படமும் அந்த டேட்டாபேஸில் உண்டு. மூலையில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. திறந்து பெரிதாக்கினோம். புத்தகத்தின் தையல் ஓரத்தில் அந்த வரி வளைந்து உள்ளே போயிருந்தது, கடைசி எழுத்தில் மை பரவியிருந்தது. படத்தை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. அடுக்கிலிருந்து அச்சுத் தொகுதியையே எடுத்து வந்து, விளக்கின் கீழே வைத்து, ஓரத்தை விரலால் அழுத்திப் படித்தேன். 'நாட்'. பொறுப்பாளி அல்ல என்பதுதான் தீர்ப்பு. ஸ்கேன் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் 'டி'யை 'டபிள்யூ' என்று படித்துவிட்டது.

அவருடைய வாதம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது. சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

ஸ்கேன் செய்த பழைய தொகுப்புகளில் நம் கண்ணுக்குத் தெரிவது படம். தேடலும் காப்பியும் நடப்பது அந்தப் படத்துக்கு அடியில் ஓசிஆர் உருவாக்கி வைத்த எழுத்தில். இரண்டும் ஒன்றென்று நினைத்தால் ஆபத்து. 1800க்கு முந்தைய ஆங்கில நூல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கால நீள 'எஸ்' பார்க்க 'எஃப்' போலவே இருக்கும். 'சேல்' என்று தேடினால் வராத பக்கம் 'ஃபேல்' என்று தேடினால் வரும். அந்தக் காலத் தொகுப்புகளில் நான் எப்போதும் இரண்டு விதமாகவும் தேடுவேன்.

ஜூனியர் வழக்கறிஞர்

மேடம், உங்கள் சம்பவத்தில் ஓர் எழுத்து மாறியது. எனக்கு வழக்கே இல்லாமல் போனது.

சீனியர் ஒரு கேள்வியைக் கொடுத்து முன்தீர்ப்பு தேடச் சொன்னார். ஏஐ கருவி ஒன்றில் கேட்டேன். மூன்று தீர்ப்புகள் தந்தது. தரப்பினர் பெயர், தொகுதி எண், பக்க எண், சாராம்சம் எல்லாம் கச்சிதம். தட்டச்சு செய்து நீட்டினேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "மூணு வால்யூமையும் எடுத்துட்டு வாப்பா" என்றார்.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் தொகுதி இருந்தது, பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கள் விஷயத்துக்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு வரிவிதிப்பு வழக்கு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ப் பட்டியலிலும் தேடினேன். அப்படி ஒரு வழக்கே கிடையாது. கை சில்லிட்டுப் போனது.

அன்று மாலை சீனியர் என்னை உட்கார வைத்து மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கின் உத்தரவைப் படிக்கச் சொன்னார். 2023 ஜூனில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி காஸ்டெல் பிறப்பித்தது. சாட்ஜிபிடி தந்த, இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்கு வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம். அதில் 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்' என்ற கற்பனை வழக்குக்கு, அமெரிக்கத் தீர்ப்புத் தொகுப்பான ஃபெடரல் ரிப்போர்ட்டர் மூன்றாம் வரிசை, தொகுதி 925, பக்கம் 1339 என்று சைட்டேஷன், அதாவது மேற்கோள் குறிப்பு, கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தால், 1291ஆம் பக்கத்தில் தொடங்கும் வேறொரு வழக்கு இருக்கிறது. எனக்கு நேர்ந்தது அச்சு அசலாக அதேதான்.

அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் சரிபார்க்காமலும் இல்லை. "இது உண்மையான வழக்கா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது சாட்ஜிபிடியிடமே. அதுவும் ஆமாம் என்று சொல்லி, வெஸ்ட்லா, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் ஆகிய சட்ட டேட்டாபேஸ்களிலும் கிடைக்கும் என்று வேறு சேர்த்திருக்கிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மேல்முறையீட்டு வழக்கறிஞர்

என்னுடையது சுருக்கமானது. தேடலில் முதலில் வந்த தீர்ப்பை நம்பி எழுந்து நின்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிட்டார்: அந்தத் தீர்ப்பைப் பெரிய பெஞ்ச் ரத்து செய்து நாலு வருடம் ஆகிவிட்டது. நான் பயன்படுத்திய இலவசத் தளம் தீர்ப்பைக் காட்டியது, பிற்பாடு அதற்கு என்ன ஆனது என்பதைக் காட்டவில்லை. 1873லேயே ஃபிராங்க் ஷெப்பர்ட் இதற்காகப் பசை தடவிய சீட்டுகள் அச்சடித்து விற்றார். எந்தெந்தப் பிந்தைய வழக்குகள் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டிருக்கின்றன என்று தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இன்றைய டேட்டாபேஸ்களில் ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று எச்சரிக்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளுக்கு அந்தச் சீட்டுதான் முன்னோடி. அந்தக் குறி இல்லாத தளத்தில் தேடினால், பிந்தைய தீர்ப்புகளில் இந்த வழக்கின் பெயரைப் போட்டு இன்னொரு தடவை நாமே தேட வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை.

ஆவணக் காப்பக நூலகர்

நீங்கள் எல்லாரும் தீர்ப்பைச் சொன்னீர்கள். தீர்ப்பின் அடிக்குறிப்பில் இருக்கும் இணைய இணைப்புகளை யார் பார்க்கிறோம்? 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீடியோ கேம் விற்பனை வழக்கில் தந்த தீர்ப்பில், நீதிபதி அலிட்டோ தன் தனிக் கருத்தின் அடிக்குறிப்பில் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டியிருந்தார். பிறகு அந்த முகவரி காலாவதியானது. வேறொருவர் அதை வாங்கி, மேற்கோளைத் தேடி வருபவர்களுக்கென்றே, இணையத் தகவல் எப்படி மறைந்துபோகிறது என்று எழுதி வைத்துவிட்டார். ஜிட்ரைன், ஆல்பர்ட், லெஸிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்தபோது, அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைப்புகளில் பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை. இந்தக் கவலையில்தான் 2013இல் ஹார்வர்டு சட்ட நூலகத்தில் பெர்மா.சிசி என்ற சேவை பிறந்தது. மேற்கோள் காட்டும் அன்றே பக்கத்தின் நகலை எடுத்து, நிலையான முகவரி ஒன்றைத் தரும்.

என் அனுபவம், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில். ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் ஒரு தளத்தின் நிபந்தனைகள் என்ன சொல்லின என்பதுதான் வழக்கே. பழைய பக்கம் சேமிப்பில் கிடைத்தது. கட்சிக்காரருக்கு ஒரே சந்தோஷம். சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்கங்கள் இருக்கும்: வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. தேதி கையெழுத்துக்கு முந்தைய நாள். பலவீனம்தான் என்று வழக்கறிஞர் முகம் சுருங்கியது. மணியைப் பார்த்தேன், இரவு 11 தாண்டியிருந்தது. அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் மறுநாள் விடிகாலை, அதாவது கையெழுத்தான அதே நாள். நீதிமன்றத்துக்கு வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவே உறுதிமொழிப் பத்திரமும் தரும். அதையும் வாங்கி இணைத்தோம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் படங்கள் வேறு நாளில் சேமிக்கப்பட்டவையாக இருக்கலாம். எழுத்தின் தேதியும் படத்தின் தேதியும் ஒன்றென்று சத்தியம் செய்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்கத் தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றும் ஹார்வர்டின் கேஸ்லா ஆக்சஸ் திட்டத்தில் சுமார் 40,000 தொகுதிகளின் தையலை வெட்டி, ஏறத்தாழ 4 கோடி பக்கங்களை ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேன் முடிந்ததே என்று காகிதத்தைக் கழித்துக் கட்டவில்லை. காற்றை உறிஞ்சிப் பொட்டலமாக்கி, கென்டக்கியில் ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தில் வைத்திருக்கிறார்கள். அலமாரி இடத்துக்காகப் பழைய தொகுதிகளைக் கழிக்கச் சொல்லும் நிர்வாகத்திடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜூனியர் வழக்கறிஞர்

மேடம், அந்த 'நவ்' இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? டேட்டாபேஸ்காரர்களுக்குச் சொன்னீர்களா?

சட்ட நூலகர்

சொன்னேன்பா. அச்சுப் பக்கத்தைப் புதிதாகப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திருத்திவிட்டார்கள். அந்தத் தொகுதியில் தையல் ஓரம் வளைந்த மற்ற பக்கங்களையும், நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு வருகிறேன். 212ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன். இன்னும் இரண்டு இடம் சிக்கியிருக்கிறது.