வாங்கப் போகிறார்கள் என்ற வதந்தியை நம்பிப் பங்கை வைத்திருக்கலாமா?

நண்பர்களே, ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் ஒரு கைபேசி நிறுவனத்தின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன, அதன் போன் பிரிவை ஒரு பெரிய டெக் நிறுவனம் வாங்கப் போவதாக வதந்தி கிளம்பியதிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது. அறிவிப்பு இன்னும் இல்லை. விற்றுவிடலாமா, காத்திருக்கலாமா?

பழைய கதைகளைப் புரட்டினேன். 2011 ஆகஸ்டில் கூகுள் மோட்டோரோலா மொபிலிட்டியை முழுசாக வாங்குவதாக அறிவித்தபோது பங்குக்கு 40 டாலர், அதாவது முந்தைய விலையைவிட 63 சதவீதம் அதிகம், நேராகப் பங்குதாரர் கைக்கே. ஆனால் 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் பிரிவையும் காப்புரிமை உரிமங்களையும் சேர்த்து 544 கோடி யூரோவுக்குப் பேசி முடித்தது வேறு மாதிரி. அங்கே பணம் போனது நோக்கியா கம்பெனிக்கு, பங்குதாரருக்கு நேரடியாக இல்லை. ஆனாலும் அன்றைக்கு நோக்கியா பங்கு எகிறியது, வாங்கிய மைக்ரோசாஃப்ட் பங்குதான் சரிந்தது! (அந்தப் பயம் நியாயம்தான், 2015-ல் அவர்கள் 760 கோடி டாலரைக் கணக்கில் நஷ்டமாக எழுதித் தள்ளினார்கள்.)

சரி, என் கேள்வி இதுதான். பிரிவை மட்டும் விற்றால், மிச்சக் கம்பெனிக்கு என்ன மதிப்பு என்று எப்படிக் கணக்குப் போடுவது? காப்புரிமைகளை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்பதை எந்த ஆவணத்தில் பார்க்கலாம்? அப்புறம், பேச்சு முறிந்தால் ஏறிய விலை எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க வழி உண்டா? பாதியை மட்டும் விற்றுவிட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.