வீட்டில் தோட்டா ரீலோடிங் செய்ய எந்த புரோகிரசிவ் பிரஸ்ஸை வாங்கலாம்? ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: வடசேரியான்

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்தவன். வேலை காரணமாக டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு அருகே குடியிருக்கிறேன். இங்குள்ள துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்து கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். பெரும்பாலும் 9 மி.மீ. சுடுகிறேன், எப்போதாவது .45 ஏசிபி. சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளான கேஸ்களைப் பொறுக்கி வந்து, ஓர் இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் நானே தோட்டா தயாரித்து வருகிறேன். ஒரு தோட்டா முடிவதற்குள் லீவரைப் பலமுறை இழுக்க வேண்டியிருப்பதால், ஒரு போட்டிக்குத் தேவையானதைச் செய்வதற்கே வாரயிறுதி முழுவதும் போய்விடுகிறது.

ஆகவே ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ் வாங்கலாம் என்று முடிவு செய்து, டில்லன் ஆர்எல் 550சி, டில்லன் எக்ஸ்எல் 750, ஹார்னடி லாக்-என்-லோடு ஏபி, லீ சிக்ஸ் பேக் புரோ ஆகிய நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஒரு பொருட்டுதான் என்றாலும், பாதுகாப்பும் நீடித்த உழைப்பும் எனக்கு அதைவிட முக்கியம். எது பொருத்தமாக இருக்கும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. சில ஆண்டுகளில் நிரந்தரமாக ஊர் திரும்பும் எண்ணம் இருக்கிறது. அப்போது வீட்டுச் சாமான்களுடன் இந்த பிரஸ்ஸையும் கொண்டுவர முடியுமா? பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அதற்கும் இந்த பிரஸ் உதவுமா என்று அவர் கேட்கிறார்.

பதில் 1: குழித்துறை அண்ணாச்சி

தம்பி, நானும் குழித்துறையிலிருந்து வந்து டல்லாஸில் குடியேறியவன்தான். நீங்கள் குறிப்பிட்டவற்றில் மூன்றைக் கையாண்டிருக்கிறேன். மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், கேஸ்கள் நிற்கும் சுழல் தட்டான ஷெல் பிளேட்டைக் கையால் திருப்பும் பிரஸ் வேண்டுமா, தானாகத் திரும்பும் பிரஸ் வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

புரோகிரசிவ் பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் எல்லா நிலைகளிலும் வேலை நடக்கிறது. முதல் நிலையில் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியேறி கேஸ் தன் அளவுக்குச் சுருங்குகிறது. லீவரைத் திரும்ப மேலே தள்ளும்போது புதிய பிரைமர் அமர்கிறது. அடுத்த நிலையில் கேஸின் வாய் சற்று விரிந்து வெடிமருந்து விழுகிறது. பிறகு புல்லட் அமர்ந்து, கடைசியில் வாய் இறுக்கப்பட்டுத் தோட்டா தொட்டியில் விழுகிறது. தட்டு நிறைந்துவிட்டால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா கிடைத்துக்கொண்டே இருக்கும்.

550சி நான்கு நிலைகள் கொண்டது, தட்டை நாம் கையால்தான் திருப்ப வேண்டும். மணிக்கு 400 முதல் 600 வரை செய்யலாம் என்று நிறுவனம் சொல்கிறது, நிதானமாகச் செய்பவர் அதற்குக் கீழேதான் நிற்பார். அதன் சிறப்பே அதன் ஆபத்தும்கூட. தட்டைத் திருப்ப மறந்து லீவரை மறுபடி இழுத்தால் ஒரே கேஸில் இருமுறை மருந்து விழும். இரண்டு முறை திருப்பிவிட்டால் மருந்தே இல்லாமல் ஒரு கேஸ் கடந்துபோகும். முதலாவது துப்பாக்கியை உடைக்கும். இரண்டாவதில் பிரைமரின் விசை மட்டும் புல்லட்டைக் குழலுக்குள் பாதியில் கொண்டுபோய் நிறுத்திவிடும், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். 9 மி.மீ. கேஸ் சிறியதுதான் என்றாலும், அடர்த்தியான வேகமருந்து இருமடங்கு விழுந்தாலும் வெளியே வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். ஆகையால் இருமடங்கு விழுந்தால் கேஸ் வாயில் பொங்கி வழியும்படியான, பருமன் மிகுந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் அளவை, மருந்து தயாரித்த நிறுவனம் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

750, ஹார்னடி ஆகிய இரண்டிலும் ஐந்து நிலைகள் இருக்கின்றன, தட்டு தானாகவே திரும்பும். ஐந்தாவது நிலை இருப்பதால், மருந்து விழுந்த இடத்துக்கும் புல்லட் அமரும் இடத்துக்கும் நடுவே, மருந்து கூடினாலோ குறைந்தாலோ எச்சரிக்கும் பவுடர் செக் கருவியைப் பொருத்தலாம். என்னைக் கேட்டால் வேகத்தைவிட இதற்காகத்தான் ஐந்து நிலை பிரஸ்ஸுக்குப் பணம் கொடுப்பேன். இருந்தாலும் தானாகத் திரும்பும் பிரஸ் கவனக்குறைவை மன்னித்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி இழுப்பில் ஏதேனும் சிக்கிக்கொண்டால், லீவரை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்காமல், தட்டிலிருக்கும் கேஸ்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே ஒழுங்கான முறை.

பிரஸ்ஸின் சட்டத்துக்குள் ஒரு சிறிய எல்இடி விளக்கை ஒட்டி வையுங்கள். புல்லட்டைக் கேஸின் வாயில் வைக்கப் போகும் அந்த ஒரு நொடியில் உள்ளே குனிந்து பார்த்தால், மருந்தின் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். அந்த நிலை கண்ணுக்கு மறைவாக இருக்கும் பிரஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதேபோல் பிரைமர் அமரும்போது லீவரின் கடைசிக் கால் அங்குலத்தில் ஓர் அழுத்தம் கையில் படும். அது திடீரென்று இலகுவாக இருந்தால் பிரைமர் வரவில்லை என்று பொருள், கடினமாக இருந்தால் ராணுவக் கேஸில் பிரைமரைச் சுற்றி இறுக்கியிருக்கும் விளிம்பு தடுக்கிறது என்று பொருள். அங்கே பலத்தைக் காட்டக் கூடாது.

பதில் 2: பார்வதிபுரம் பட்டறை

நான் நாகர்கோவிலில் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். துப்பாக்கியோடு எனக்குத் தொடர்பு இல்லை. சிகாகோவில் இருக்கும் என் தம்பியின் வீட்டில் இந்த வகை பிரஸ்ஸைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன் என்பதால் இயந்திரக் கண்ணோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நிலையிலும் வேலையைச் செய்யும் அச்சான டையை மாட்டும் மரையைக் கவனியுங்கள். பெரும்பாலான பிரஸ்களில் அது 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்ற பொது அளவு, எந்த நிறுவனத்தின் டையும் அதில் ஏறும். டில்லனின் ஸ்கொயர் டீல் பி மட்டும் தனக்கென்று தனி டை கேட்கிறது, கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தவிர வேறொன்றுக்கும் அது உதவாது. விலையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது காலிபர் (தோட்டாவின் அளவு) மாற்றும் வேலை. டில்லனின் 550, 750 இரண்டிலும் டைகள் எல்லாம் டூல்ஹெட் என்ற ஒரே தலைப்பகுதியில் இருப்பதால், சரிசெய்த அளவு கலையாமல் அப்படியே உருவிவிட்டு வேறொன்றைச் சொருகலாம். ஹார்னடியில் ஒவ்வொரு டையும் தனித்தனிப் புஷ்ஷில் இருந்து சிறு திருப்பலில் கழன்றுவிடும். இரண்டும் நல்ல அமைப்புகளே. ஆனால் உங்கள் 9 மி.மீ. சிறிய பிரைமர் கேட்கும், .45 பொதுவாகப் பெரிய பிரைமர் கேட்கும். 750-இல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பிரைமர் பகுதியையே கழற்றி மாற்ற வேண்டும். அதிலும் .45 கேஸ்களில் சிறிய பிரைமர் குழியோடு வருபவையும் கலந்திருக்கின்றன. பிரித்து எடுக்காவிட்டால் அந்த ஒரு கேஸ் மொத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

மேசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லீவரை இழுக்கும்போது மேசை ஒரு நூல் அசைந்தாலும், தானாகத் திரும்பும் தட்டில் உள்ள மருந்து சிந்தும், பிரைமர் கோணலாக அமரும். இரண்டு அங்குலப் பலகையைச் சுவரோடு சேர்த்து ஆணியடிக்காமல் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பதில் 3: தக்கலை வழக்குரைஞர்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் அளிக்கிறேன், ஏனென்றால் இதில் தவறான நம்பிக்கையோடு கப்பலில் சாமான் ஏற்றினால் திரும்பிப் பார்க்க வழி இருக்காது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பிரிவு 2-இல் தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்திற்குள், அதன் உதிரிப் பாகங்களையும் அதைத் தயாரிப்பதற்கான இயந்திரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நீங்கள் இரும்பு பிரஸ் என்று பார்க்கும் பொருளைச் சுங்க அதிகாரி தோட்டா தயாரிக்கும் இயந்திரம் என்று பார்க்க முடியும். இறக்குமதி செய்வதற்குப் பிரிவு 10-இன்படியும், தயாரிப்பதற்குப் பிரிவு 5-இன்படியும் உரிமம் வேண்டும். பிரிவு 5-ஐ மீறித் தயாரித்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பிரைமரும் வெடிமருந்தும் வெடிபொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது தனிக் கதை. போதாததற்கு 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட காலிபர்.

உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்தது உண்மைதான். ஆனால் அவருக்கு அனுமதி கொடுத்தவர் மன்னரே. நமக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: 12 போர் தோட்டாவை, உரிமம் பெற்ற கடையில் உரிமப் புத்தகத்தைக் காட்டி, அதில் பதிந்து வாங்குவதே முறை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் இருப்பது காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு, வனத்துறையைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

வடசேரியான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வக்கீல் ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு, ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கிளம்பும்போது பிரஸ்ஸைச் சங்கத்திலேயே யாருக்காவது விற்றுவிடுவேன். சித்தப்பாவுக்கும் இன்று காலையே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

அண்ணாச்சி, என் சுடும் பழக்கத்துக்கு 550 போதுமா, அல்லது 750-க்கே போகலாமா? விற்கும்போது இரண்டில் எதற்கு மதிப்பு இருக்கும்?

குழித்துறை அண்ணாச்சி

தம்பி, 12 போருக்கு இவற்றில் எதுவுமே உதவாது என்பதைச் சொல்ல விட்டுவிட்டார்கள். பறவை சுடும் துப்பாக்கித் தோட்டாவுக்கு மெக் போன்ற நிறுவனங்கள் செய்யும் பிரஸ் முற்றிலும் வேறு. சித்தப்பாவின் வருத்தம் இதனால் கொஞ்சம் குறையட்டும்.

உங்களுக்கு 750-ஐத்தான் சொல்வேன். அதை 9 மி.மீ.க்கு மட்டும் பூட்டி, பவுடர் செக்கோடு நிரந்தரமாக வைத்துவிடுங்கள். எப்போதாவது சுடும் .45-ஐப் பழைய சிங்கிள் ஸ்டேஜிலேயே செய்யுங்கள், அதை விற்றுவிடாதீர்கள். பட்டறைக்காரர் சொன்ன பிரைமர் மாற்றும் தொல்லை இதனால் இல்லாமல் போகும். தட்டைக் கையால் திருப்பும் 550, பல காலிபர்களைச் சிறுசிறு அளவில் செய்பவருக்கு இன்னும் நல்லது, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. லீ சிக்ஸ் பேக் புரோ 2022இல் வந்தது; ஆறு நிலைகள், குறைந்த விலை. ஆனால் நுணுக்கமாகச் சரிசெய்யும் பொறுமை உள்ளவர்க்கே அது ஒத்துவரும். டில்லனின் பழைய பிரஸ்களுக்கும் நிறுவனம் இன்றுவரை பாகங்கள் தருவதால், விற்கும்போது இரண்டுமே விலை போகும். கேஸ்களைத் தானாக ஊட்டும் கேஸ் ஃபீடரை இப்போது வாங்க வேண்டாம். கேஸைக் கையால் வைக்கும் வேகம்தான் தொடக்கத்தில் உங்கள் கண்ணுக்குத் தேவையான வேகம்.

வீட்டில் வைக்கும் அளவையும் கவனியுங்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதிப்படி ஒரு வீட்டில் 10,000 பிரைமர் வரைதான் வைக்கலாம். வெடிமருந்தைத் தயாரிப்பாளரின் டப்பாவிலேயே வைக்க வேண்டும், 20 பவுண்டைத் தாண்டினால் ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும். மேசையின்மேல் ஒரே நேரத்தில் இரண்டு வகை மருந்து டப்பா இருக்கக் கூடாது. பழைய பிரைமர் தூளில் ஈயம் இருப்பதால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

புதிய பிரஸ் வந்ததும் தட்டை நிறைத்துவிடாமல், ஒரே ஒரு கேஸை ஐந்து நிலைகளிலும் சுற்றவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி அளந்து பாருங்கள். தராசில் மருந்தின் எடை தொடர்ந்து ஒன்றாக வந்த பிறகு, கேஸ்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் போதும்.