ஒரு புள்ளடி, மூன்று இலக்கம்: வாக்குச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் நீங்கள் கண்டது என்ன?

கோப்பாய்க்காரன்:

2024 நவம்பர் 14, இலங்கை நாடாளுமன்றத் தேர்தல். பெரியம்மாவுக்கு 82 வயது. வாக்களித்துவிட்டு வந்து, முற்றத்துக் கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "ஏழுக்கு வடிவா ஒரு புள்ளடி போட்டிட்டன்." சின்னத்துக்கு நேரேயும் புள்ளடி (×) போட்டீர்களா என்று கேட்டேன். "எந்தச் சின்னம்? அந்தத் தம்பி ஏழு, ஏழு எண்டுதானே படிச்சுப் படிச்சுச் சொன்னவர்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் சீட்டில் மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சின்னத்தோடு இருக்கும். அடியில் வெறும் இலக்கங்கள். யாழ்ப்பாணத்துக்கு இப்போது 6 ஆசனம். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டினால் ஒரு பட்டியலுக்கு 9 பேர். எனவே 1 முதல் 9 வரை. சின்னத்துக்குப் புள்ளடி போட்டால்தான் அது வாக்கு. அதன் பிறகு விரும்பினால் அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு கழிந்துவிடும். கழியாமல் என்ன செய்யும்? அந்த முறை எங்கள் மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஏழாம் இலக்கக்காரர். பெரியம்மா எந்த ஏழைச் சொன்னார் என்று எண்ணுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இரண்டு மாதம் முன்புதான் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 என்று எழுதலாம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது வேறு, இது வேறு என்று சொல்லிக்கொடுக்க அதே அளவு ஆள் வரவில்லை. மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முப்பதாயிரத்தைத் தாண்டின. 28 ஆயிரத்துக்கும் குறைவாக எடுத்த இரண்டு பட்டியல்களுக்கு ஆளுக்கோர் ஆசனம் கிடைத்தது என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். அந்த முப்பதாயிரத்தில் ஒன்று எங்கள் வீட்டுச் சீட்டு. பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். கட்சிப் பிரசாரம் வேண்டாம்.

வடமராட்சி ஆசிரியை:

உங்கள் பெரியம்மா போட்டதைப் போன்ற சீட்டுகளை நான் எண்ணும் கடமையில் கண்டிருக்கிறேன். எந்த வருடம், எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை. அடியில் எவ்வளவு அழகாக, கோட்டுக்கு வெளியே போகாமல், அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு புள்ளடி! மேலே ஒன்றும் இல்லை. தூக்கி மற்றப் பக்கம் வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். இதற்கு நேர்மாறாக, கட்சிக்குச் சரியாகப் போட்டுவிட்டு, எல்லாரையும் சந்தோசப்படுத்த நினைத்து ஐந்து இலக்கத்துக்குப் புள்ளடி போட்டவர்களும் உண்டு. அவர்களின் கட்சி வாக்கு தப்பும், விருப்பு வாக்குகள் மட்டும் போய்விடும்.

நான் எழுத வந்தது வேறு. 2024 முடிவு வந்த அடுத்த நாள் அப்பா கேட்டார்: "நூற்றுக்கு இருபத்தைந்து வாக்குக்கு ஆறில் மூன்று ஆசனமா? இதுக்குப் பேர் விகிதாசாரமா?" அவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை எடுத்தோம்.

செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். அதில் நூற்றுக்கு 5 எடுக்காத பட்டியல்களை முதலில் வெட்ட வேண்டும். வெட்டினால் ஆறு பட்டியல்கள் மிஞ்சுகின்றன. தேசிய மக்கள் சக்தி 80,800 சொச்சம், தமிழரசுக் கட்சி 63,300 சொச்சம், தமிழ்க் காங்கிரஸ் 28 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, சுயேச்சைக் குழு 17 அதைவிட நூற்றுச் சில்லறை குறைவு, சங்குச் சின்னப் பட்டியல் 22,500, வீணைச் சின்னப் பட்டியல் 17,700. ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்கு இந்த இடத்திலேயே கணக்கை விட்டுப் போய்விட்டது. அப்பா பென்சிலை வைத்துவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

அப்புறம் போனஸ். மாவட்டத்தில் முதலாவதாக வந்தவருக்கு ஓர் ஆசனம் சும்மா. அது தேசிய மக்கள் சக்திக்கு. மீதி ஐந்து. மிஞ்சிய ஆறு பட்டியல்களின் மொத்தம் 2 இலட்சத்து 40 ஆயிரம். ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48 ஆயிரம் அளவில். அந்த விலையை முழுதாகக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை பெரிய மீதிக்குப் போகும். தேசிய மக்கள் சக்தியின் மீதி 32 ஆயிரத்துக்கு மேல், காங்கிரசும் 17ஆம் குழுவும் தொடவே படாத முழு வாக்கோடு 28 ஆயிரத்துக்குப் பக்கத்தில். மூன்றும் முடிந்தது. தமிழரசுக்கு மிஞ்சியது 15 ஆயிரம்தான், அது காணாது. 22,500 வைத்திருந்த சங்கு வாசலோடு நின்றது.

அப்பா விடவில்லை. போனஸ் இல்லையென்றால் என்ன வரும் என்று தானே ஆறால் பிரித்தார். விலை 40 ஆயிரமாக இறங்குகிறது. தேசிய மக்கள் சக்திக்கு முழுதாக இரண்டு, கையில் சில நூறு வாக்குதான் மீதி. தமிழரசுக்கு முழுதாக ஒன்று, 23 ஆயிரம் மீதி. அந்த மீதி சங்கை மயிரிழையில் முந்துகிறது. ஆக 2, 2, 1, 1. "இது விகிதாசாரம். மற்றது விகிதாசாரத்துக்கு மேலே கொஞ்சம் சீனி தூவினது" என்றார். அந்தத் தாள் இன்னும் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

வெள்ளவத்தைவாசி:

ஆசிரியை சொன்னதோடு ஒன்று. கொழும்பில் 2024 இல் 18 ஆசனம், ஒரு பட்டியலில் 21 பேர். ஆசனம் கூடக் கூட அந்தப் போனஸ் ஒன்றின் பாரம் குறையும். 18இல் ஒன்று பெரிதாகத் தெரியாது. 6இல் ஒன்று என்றால் கண்ணைக் குத்தும். யாழ்ப்பாணம் 2010 இல் 9, 2015 இல் 7, இப்போது 6. பதிவு செய்த வாக்காளர் குறைந்தால் ஆசனம் குறைகிறது. ஆசனம் குறைந்தால் முறையே மாறினது போல ஆகிவிடுகிறது.

விலாசம் வேண்டாம்:

தெரிந்த ஒருவர் ஒரு பட்டியலில் போட்டியிட்டார். எந்த மாவட்டம், எந்தச் சின்னம் என்று கேட்காதீர்கள். உறவுமுறைக்கு மச்சான், போகாமல் இருக்க முடியாது.

முதல் வாரம் எதிர்க்கட்சியைத் திட்டினோம். இரண்டாம் வாரத்திலிருந்து எதிர்க்கட்சியை மறந்துவிட்டோம். அதே பட்டியலில் இருந்த எட்டுப் பேர்தான் எதிரி. கட்சிக்கு ஒன்றோ இரண்டோ ஆசனம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒன்று யாருக்கு என்பதுதான் தேர்தல். இரவு நாங்கள் சுவரொட்டி ஒட்டிவிட்டு வருவோம். விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் சின்னம் அப்படியே இருக்கும், எங்கள் இலக்கத்துக்கு மேலே மட்டும் வேறோர் இலக்கம் ஒட்டியிருக்கும். அவ்வளவு நுணுக்கமான வேலை. நாங்களும் சும்மா இருந்தோமா என்று கேட்டால், இல்லை.

வீடுகளில் பேசுவதும் விசித்திரம். "மூன்று பேருக்குப் போடலாமாமே, ஒன்றை உங்களுக்குப் போடுறம்" என்பார்கள். அது ஆசீர்வாதம் மாதிரி கேட்கும், ஆனால் மற்ற இரண்டும் மச்சானை முந்தப் போகிற இரண்டு பேருக்குத்தான். கடைசி நாட்களில் "எங்களுக்கு மட்டும் போடுங்கோ, மற்ற இரண்டையும் வெறுமையா விடுங்கோ" என்று கேட்கத் தொடங்கினோம். பட்டியலின் மற்ற ஆட்களோடு ஒரே மேடையில் கை கோத்து நின்றுவிட்டு வந்துதான் இதைக் கேட்டோம்.

கட்சி முடிவு முதலில் வந்தது. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் கைதட்டவில்லை. விருப்பு வாக்கு வரும்வரை ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். மச்சான் வரவில்லை. ஆனால் பட்டியலில் அடுத்த ஆள் அவர்தான். ஆசனம் இடையில் வெறுமையானால் இடைத்தேர்தல் இல்லை, விருப்பு வாக்கில் அடுத்தவர் உள்ளே போவார். அதனால் வென்றவருக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் சொந்தக்காரர் தொலைபேசி எடுத்து விசாரிக்கிறார்கள். நல்ல மனதோடுதான் என்று நம்புவோம்.

கொட்டகலை, ஓய்வு பெற்றவர்:

நீங்கள் எல்லாரும் 1989 இல் தொடங்கிய முறையைப் பேசுகிறீர்கள். அதற்கு முன்னும் ஒரே தொகுதியில் பல உறுப்பினர் இருந்தார்கள். 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. எனக்கு 22 வயது, அதுதான் முதல் வாக்கு. ஒருவருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், அல்லது ஒரே ஆளுக்கே கொட்டலாம்.

அதை விளக்கத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அடுப்புக் கரியால் தரையில் சேவல் வரைந்து, பக்கத்தில் மூன்று புள்ளடி போட்டுக் காட்டினார்கள். "மூணும் சேவலுக்கே. ஒண்ணு குறைஞ்சாலும் அது அடுத்த ஆளுக்கு ஏணி." அப்பாயி மூன்று விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டே வரிசையில் நின்றது கண்ணுக்குள் இருக்கிறது. சேவல் சின்னத்தில் நின்ற தொண்டமான் மூன்றாவதாக வந்தார். காமினி திசாநாயக்கவும் அனுர பண்டாரநாயக்கவும் மற்ற இரண்டு பேர். 1947க்குப் பிறகு எங்கள் மலையகத் தமிழரில் ஒருவர் வாக்கெடுத்து நாடாளுமன்றம் போனது அப்போதுதான். இடையில் குடியுரிமையே பறிபோயிருந்தது, வாக்கு எங்கே இருக்கும்?

விகிதாசாரம் என்ற சொல் அன்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் சிறு கூட்டம் தன் வாக்கை ஒரே இடத்தில் குவித்தால் தன் அளவுக்கு ஒரு பங்கு வரும் என்பது அப்பாயிக்குப் புரிந்திருந்தது.

காரைதீவு:

ஐயா சொன்னது சரி, குவித்தால் வரும். குவிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2020 இல் நாங்கள் திகாமடுல்லையில், அதாவது அம்பாறை மாவட்டத்தில், பார்த்தோம். 7 ஆசனம். தமிழ் வாக்கு பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தது, கப்பல் சின்னத்துக்கு 29 ஆயிரம், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு 25 ஆயிரம். இரண்டும் நூற்றுக்கு 5 என்ற வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலும் ஆசனத்துக்குப் போதவில்லை. கடைசியாக ஆசனம் பிடித்த பட்டியல் எடுத்தது 39 ஆயிரத்துக்குக் கிட்ட. நம்முடைய இரண்டையும் கூட்டினால் 54 ஆயிரம். கூட்டத்தான் ஆள் இல்லை. மாவட்டத்திலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை, பிறகு கட்சி நேரே நியமிக்கும் தேசியப் பட்டியலால் ஒருவர் போனார்.

எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முடிவு வந்த இரவு ஒருவரும் சாப்பிடவில்லை. அம்மாதான் சொன்னா: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தரையும் அனுப்பல்ல. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க." 2024 இல் வீட்டுக்கு ஓர் ஆசனம் வந்தது, 33 ஆயிரம் சொச்சத்துக்கு. அண்ணன் இன்னும் தான் முன்பு போட்டது சரிதான் என்கிறார்.

நெடுந்தீவு:

எங்களுக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் எம்.பி. யார்? பழைய காலத்தில் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கென்று ஒருவர் இருந்தார். நல்லவரோ கெட்டவரோ, திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. இப்போது ஊர்காவற்றுறை வாக்கு எண்ணும்போது வாசிக்கிற ஒரு பெயர். கிளிநொச்சி வரை எல்லாம் சேர்த்து ஒரே மாவட்டம்.

படகுப் பிரச்சினை ஒன்றுக்காகக் கடிதம் எழுதி, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்து பிடித்து யாழ்ப்பாணம் போனேன். முதல் இடத்தில், உங்கள் பக்கத்தை இன்னொருவர் பார்க்கிறார் என்றார்கள். இரண்டாவது இடத்தில் அலுவலகம் பூட்டு. மூன்றாவது ஆள் எங்கள் தீவில் நூறு வாக்குக்கூட எடுத்திருக்க மாட்டார். ஆனால் இருத்தி, தண்ணீர் தந்து, கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரே உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் முதல் கதவோடு திரும்பியிருப்பேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோப்பாய்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மாவின் கதை முடியவில்லை. 2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல். இந்த முறை விடக்கூடாது என்று ஒரு தாளில் சின்னம், பெட்டி எல்லாம் வரைந்து ஒரு கிழமை பழக்கினேன். "மேலே சின்னத்துக்கு ஒண்டு, பிறகு கீழே இலக்கம்." மனப்பாடமாகச் சொன்னார்.

எனக்குத்தான் மூளை வேலை செய்யவில்லை. உள்ளூராட்சிச் சீட்டில் சின்னம் மட்டும், ஒரே புள்ளடி, கீழே இலக்கமே கிடையாது. பெரியம்மா சாவடிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு அலுவலரின் குரலும் பெரியம்மாவின் குரலும் கேட்டன.

"அம்மா, முடிஞ்சுதா?"

"எங்க மேனே ஏழு? ஏழைக் காணேல்லை!"