ஆன்லைன் சீட்டுக்கு மருந்து கொடுத்ததால் நோட்டீஸ்: பதில் எழுதத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் 11 வருடமாகப் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்கிறேன். மே மாதம் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர், நாலு நாளாகத் தூக்கமே இல்லை என்று கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டெலிமெடிசின் சீட்டை (டாக்டர் நேரில் பார்க்காமல் ஆன்லைனில் எழுதும் சீட்டு) பார்த்து அல்பிரசோலம் என்ற தூக்க, பதற்ற மாத்திரை 0.25 மி.கி., 10 கொடுத்தேன். டாக்டர் பதிவு எண், கையெழுத்து எல்லாம் இருந்தது, கட்டுப்பாடுள்ள மருந்து விற்பனையைக் குறிக்கும் எச்1 பதிவேட்டிலும் எழுதினேன். ஆனால் இது மாதிரி போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்தை டெலிமெடிசினில் எழுதவே கூடாது என்பது 2020 நெறிமுறை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆய்வில் சிக்கி, இப்போது 1948 பார்மசி சட்டம் 36ஆவது பிரிவில் மருந்தாளுநர் பதிவிலிருந்து என் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று நோட்டீஸ். 15 நாள் கெடு, 6 போய்விட்டது.

சீட்டு கொடுத்த செயலிக்கு மூன்று மெயில் போட்டேன், தானியங்கிப் பதில்தான். முதலாளி கைவிரித்துவிட்டார். தெரிந்த வக்கீல் வீட்டுப் பாகப்பிரிவினை தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை (நம்ம ஊரில் அதுவே ஏழு தலைமுறைக்கு ஓடும்).

இதே மாதிரி நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: தவறை ஒப்புக்கொண்டு சீட்டு, பில், பதிவேட்டு நகலை இப்போதே இணைத்துவிடலாமா, இல்லை முதலில் நேர் விசாரணை மட்டும் கேட்டு எழுதலாமா?