லோக்கல் டிம்மிங்குக்குப் ‘பாத்தியொளி’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ரிவியில் (தொலைக்காட்சியில்) படம் இருட்டாக உள்ள பகுதியில் மட்டும் பின்னால் எரிகிற வெளிச்சத்தைக் குறைக்கிற ‘லோக்கல் டிம்மிங்’ என்பதற்குத் தமிழ் என்ன, ‘பாத்தியொளி’ சரிவருமா என்று நான் இங்கே கேட்டது ஒரு வரிக் கேள்விதான். அதற்கு இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. பரந்தனில் என் ரிவி திருத்தும் கடையைத் திறந்தால் பூட்டும்வரை கையில் மின்பற்றுக்கோல்தான் (சோல்டரிங் அயன்). எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு சம்பவம். தருமபுரத்திலிருந்து ஒரு அம்மா 32 அங்குல ரிவியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். “படம் இல்லைத் தம்பி, சத்தம் மட்டும் கேக்குது” என்றார். போட்டுப் பார்த்தேன், திரை கறுப்பு. கடை லைற்றை அணைத்துவிட்டு, ரோச்சைத் திரைக்கு ஒட்டிப் பிடித்துச் சரித்துக் காட்டினேன். செய்தி வாசிக்கிறவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. “ஐயோ, ஆள் உள்ளுக்குத்தான் நிக்குது!” என்றார் அந்த அம்மா.

பழுதானது படம் இல்லை, படத்துக்குப் பின்னால் எரிகிற வெளிச்சம். அந்த ரிவியின் உள்ளே எல்ஈடி குமிழ்கள் பட்டிகளில் வரிசையாக, ஒன்றிலிருந்து மற்றதற்கு மின் போகும்படி கோத்திருக்கும். ஒன்று அறுந்தால் வரிசை முழுதும் அணையும். என் கடைக்கு வருகிற ரிவிகளில் பாதி இந்த நோயோடுதான் வருகின்றன. வெளிச்சத்தை எப்போதும் உச்சத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பட்டிகள் கூடக் காலம் உழைக்கும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்து என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன். சரி, அது வேறு கதை.

இந்தச் சம்பவத்தை எழுதக் காரணம், பெட்டியில் ‘எல்ஈடி ரிவி’ என்று போட்டிருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். எல்ஈடி ரிவி என்று விற்பது உண்மையில் எல்சிடி ரிவிதான். திரையில் இருப்பது திரவப் பளிங்கு. தமிழ்நாட்டு நண்பர்கள் திரவப் படிகம் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 1888 இல் ரைனிட்சர் என்ற ஒஸ்திரிய தாவரவியலாளர் கரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு தரம் உருகுவதைக் கண்டார். முதலில் கலங்கலாக உருகியது, இன்னும் சூடேறியதும் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலையின் வாரிசுதான் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் திரும்பும். திரும்புகிற அளவுக்கு ஏற்ப, பின்னால் இருந்து வரும் ஒளியை விடும் அல்லது மறிக்கும். குளத்துத் துருசு (மதகு) மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளத்தினுடையது, திறப்பதும் பூட்டுவதும் மட்டும்தான் துருசின் வேலை. முன்பு பின்னால் இருந்தது மெல்லிய குழல் விளக்கு. அந்த இடத்தில் எல்ஈடி வந்ததும் பெட்டியின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

எந்தத் துருசையும் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அடியில் கொஞ்சம் கசியும். திரவப் பளிங்கும் அப்படித்தான். கறுப்பு என்று பூட்டினாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கசிந்துவிடும். நல்ல திரைத்தட்டு (பனல்) என்றால் மூவாயிரத்திலோ ஐயாயிரத்திலோ ஒரு பங்கு. பகலில் தெரியாது. இரவில் லைற்றை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு வானம் சாம்பலாகத் தெரியும். வைகாசியில் நடக்கும் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காணொளியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இருட்டுக்குள் உப்புத் தண்ணீரில் எரிகிற அந்த ஒற்றை விளக்கை எப்படிக் காட்டுகிறது என்பதை வைத்தே ஒரு ரிவிக்கு நான் விலை சொல்லிவிடுவேன்.

ஓஎல்ஈடி என்ற இன்னொரு வகைத் திரையில் இந்தக் கசிவே கிடையாது. படப்புள்ளி (பிக்சல்) ஒவ்வொன்றும் தானே ஒளிரும், தானே அணையும். விளக்கு இருக்கிற இடம் மட்டும் எரியும், மற்றது முழுதும் உண்மைக் கறுப்பு. அதற்குத் ‘தன்னொளித் திரை’ என்று இங்கே ஏற்கெனவே உடன்பட்டுவிட்டோம், மறுபடி கிண்டத் தேவையில்லை. பாடநூல் வழக்குப்படி ‘சேதன ஒளிகாலும் இருவாயி’ என்றே போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இருவாயியும் நல்ல சொல், காலுதலும் நல்ல பழந்தமிழ். ஆனால் ஓகானிக் என்பதற்குச் சேதனம்? 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டுச் சேதனப் பசளையோடு வயலுக்கு இறங்கச் சொன்ன பிறகு, அந்தச் சொல்லை வைத்து வன்னி விவசாயிக்கு ஒரு பொருளையும் விற்க முடியாது. தன்னொளியே இருக்கட்டும்.

நான் கேட்டது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமானுக்குத்தான். எல்சிடியின் பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, படம் இருட்டாக உள்ள பகுதியில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கிற முறை அது. விலை குறைந்த ரிவிகளில் இது இருக்காது. சிலவற்றில் சில பத்துப் பகுதிகள் இருக்கும். 2019 இல் டிசிஎல் முதன்முதலாக மினி எல்ஈடி ரிவியைக் கொண்டுவந்தது. பின்னால் இருக்கிற குமிழ்கள் மணல் அளவுக்குச் சிறுத்ததால் பகுதிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டத் தொடங்கியது. இப்போது விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பெட்டியிலோ அதைத் தெளிவாகப் போடுவதில்லை. படப்புள்ளிகளின் அளவைச் சொல்கிற 4கே என்பதைப் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் இன்றைக்கு 50 அங்குலத்துக்கு மேல் வருகிற அநேகமாக எல்லா ரிவியும் 4கே தானே.

‘பாத்தி’ என்ற சொல்லை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒரு ஐயா தந்தது. கனடாவில் இருக்கிற மகள் காசு அனுப்பியிருந்தார், எந்த ரிவி எடுப்பது என்று கேட்க வந்தார்.

“தம்பி, ரெண்டும் 55 அங்குலம். ரெண்டும் 4கே. ஒண்டுக்கு மட்டும் மினி எல்ஈடி எண்டு போட்டு விலையை ஏத்தி வச்சிருக்கிறாங்கள். என்னத்துக்கு?”

பின்பக்கம் திறந்து கிடந்த ஒரு ரிவியைக் காட்டி விளக்கினேன். இதில் பின்னால் இருக்கிற வெளிச்சம் முழுதும் ஒன்றாகத்தான் கூடும், ஒன்றாகத்தான் குறையும். மற்றதில் துண்டு துண்டாகக் கூட்டிக் குறைக்கலாம் என்றேன். ஐயா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இது தோட்டம் முழுக்க வெள்ளம் விட்ட மாதிரி. அது பாத்தி பாத்தியாத் தண்ணி மாறுற மாதிரி. அப்பிடித்தானே?”

இதைவிட நன்றாக நான் இதுவரை யாருக்கும் விளக்கியதில்லை. தண்ணீர் மாறுதல் என்றால் என்ன என்று தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றிலிருந்து மிசின் இறைக்கும், தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடும். ஒருவர் மண்வெட்டியோடு நின்று, வாய்க்கால் மண்ணை வெட்டி ஒரு பாத்திக்குள் திருப்பிவிடுவார். நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்த பாத்தியைத் திறப்பார். காய்ந்த பாத்திக்குக் கூட, ஈரம் உள்ளதற்குக் குறைய. ரிவிக்குள் மண்வெட்டி பிடிக்கிற ஆளாக ஒரு சில்லு (சிப்) இருக்கிறது. ஒரு வித்தியாசம், தோட்டத்தில் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நனையும், ரிவியில் எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் பங்கீடு நடக்கும். உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இனி உங்கள் மறுப்புகள்.

அப்படியே ‘லோக்கல் டிம்மிங்’ என்று எழுதினால் என்ன என்று கேட்ட தம்பிக்கு: எழுதலாம், நானும் கடையில் அப்படித்தான் சொல்லி வந்தேன். வாங்க வருகிறவர் தலையாட்டிவிட்டு, “சரி, கறுப்புக் கலர்தானே?” என்று கேட்பார். அப்புறம், ஒரு ரிவியின் தமிழ்ப் பட்டியலில் (மெனுவில்) ‘உள்ளூர் மங்கல்’ என்று வந்ததைக் கண்ணால் கண்டேன். உள்ளூர் மங்கல் என்றால் எங்கள் பக்கம் மின்தடை என்றுதான் நினைப்பார்கள். நாங்கள் சொல் வைக்காவிட்டால் இயந்திரம் வைத்துவிடும்.

வவுனியா ஆசிரியை அக்கா சொன்ன ‘வலய ஒளித்தணிப்பு’ இலக்கணத்தில் குற்றமில்லாதது, பொருளும் துல்லியம். உண்மையில் எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் அக்கா, வலயம் என்ற சொல் இங்கே எங்கேயெல்லாம் கிடந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கல்வி வலயம் பரவாயில்லை. உயர் பாதுகாப்பு வலயம் என்று பலகை நட்ட காணிகள் உண்டு. 2009 இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களுக்குள் இருந்து வந்தவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். புது ரிவி வாங்க வந்து நிற்கிறவரிடம் ‘இதில் 500 வலயம் இருக்கு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது சொல்லாய்வுக் காரணம் இல்லை என்பீர்கள். சொல் வாயில் இருப்பது, ஆகவே இதுவும் ஒரு காரணம்தான்.

பாத்தி நாட்டுப்புறச் சொல், தொழில்நுட்பத்துக்குப் பாரம் போதாது என்றார் கோவை ஐயா. ஐயா, பாத்தி என்ற சொல்லே பகுத்தலிலிருந்து வந்தது. பாத்தூண் என்றால் பகுத்து உண்பது. பகுக்கப்பட்ட நிலம் பாத்தி, பகுக்கப்பட்ட ஒளி பாத்தியொளி. இதற்குமேல் என்ன பாரம் வேண்டும்? கோவைப் பக்கமும் பாத்தி கட்டித்தானே தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், ஆகவே கடல் கடந்தும் விளங்கும். ஒளி பட்டால் நிறம் தருகிற நுண்துகளான குவாண்டம் டொட்டுக்கு எங்கள் பாடநூல் வழியில் ‘சொட்டுப் புள்ளி’ என்று நான் எழுதியபோதும் நீங்கள் சிரித்தீர்கள். குவாண்டம் எண்ணை நாங்கள் உயர்தர வகுப்பில் படித்ததே சக்திச் சொட்டெண் என்றுதான். கியூஎல்ஈடி என்று சம்சுங் 2017 முதல் விற்பது, எல்சிடியின் பின்னொளிக்கு முன்னால் அந்தச் சொட்டுப் புள்ளிகளைப் பூசிய ஒரு தாளை வைத்துத்தான். நீல ஒளி அதில் பட்டால் தெளிவான சிவப்பும் பச்சையும் வரும். நிறம் நன்றாகும், ஆனால் கறுப்பு ஆழமாகாது. அதற்குப் பாத்திதான் வேண்டும். இந்த ஒரு வரியை வாங்குகிறவருக்கு விளங்கப்படுத்தத்தான் இத்தனை சொல்லும் எனக்குத் தேவைப்படுகிறது.

‘பாத்தியொளி என்பது பொருளின் பெயர், தணித்தல் என்ற வினை அதில் இல்லை’ என்று கேட்டதுதான் நியாயமான மறுப்பு. அதை ஏற்று இப்படிப் பிரிக்கிறேன். அமைப்புக்குப் பெயர் பாத்தியொளி. அது செய்கிற வேலை பாத்தித் தணிப்பு. எத்தனை பகுதி என்பதற்குப் பாத்தி எண்ணிக்கை.

இன்னொரு சொல்லும் கூடவே கிடைத்தது. 4கே திரையில் 82,94,400 படப்புள்ளிகள். 500 பாத்தி என்றால் ஒரு பாத்திக்குள் ஏறத்தாழ 16,600 புள்ளிகள் அடங்கும். வற்றாப்பளை விளக்கின் சுடர் அதில் சில நூறு புள்ளிதான் பிடிக்கும் என்றாலும், அந்தப் பாத்தி முழுதும் வெளிச்சத்தைத் திறந்தாக வேண்டும். அதனால் சுடரைச் சுற்றி ஒரு புகைமூட்டம் மாதிரித் தெரியும். இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்து ஓடும்போதும் இதைக் காணலாம். ஆங்கிலத்தில் புளூமிங் என்கிறார்கள். இங்கே ‘பூத்தல்’, ‘ஒளிவட்டம்’ என்று இரண்டு வந்தன. பூத்தல் ஒரு குறையைச் சொல்லும் சொல் இல்லை. ஒளிவட்டம் சாமிப் படத்துக்குப் போய்விட்டது. விசுவமடு ஐயாவிடம் மினி எல்ஈடியைப் போட்டுக் காட்டியபோது அவர் உடனே சொன்னார்: “வரம்பால கசியுது.” வரம்புக்கசிவு. எனக்கு இது போதும்.

ஐயா கடைசியில் மினி எல்ஈடியே எடுத்தார். தன்னொளித் திரையை நான் சொல்லவில்லை. அவர் வீட்டு விறாந்தையில் பகல் முழுக்க வெயில் அடிக்கும், அந்த வெளிச்சத்துக்குப் பின்னொளி ரிவிதான் தாக்குப்பிடிக்கும். அதோடு ஒரே செய்தி அலைவரிசை காலை முதல் இரவு வரை ஓடும். தன்னொளித் திரையில் அப்படி விட்டால் மூலையில் இருக்கிற அலைவரிசைச் சின்னம் நாளடைவில் தழும்பாக நின்றுவிடலாம். தழும்பு என்பதும் ஒரு கலைச்சொல்தான், அதைப் பிறகு தனியாகப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் புதுப் பலகை எழுதக் கொடுக்கிறேன். ‘பாத்தியொளி ரிவி திருத்தப்படும்’ என்று ஒரு வரி வரும். மறுப்பு இருக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆசிரியை அக்கா, ‘பாத்தித் தணிப்பு’ என்பதில் ‘த்’ மிகுமா மிகாதா என்பதையும் சொல்லிவிடுங்கள். பலகை எழுதுகிறவர் எழுத்துக்குக் காசு வாங்குகிறார்.