ரஸ்ட் நிரல்மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்

வணக்கம். சனிக்கிழமை திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் 'நாளைய நிரல்மொழிகள்' பற்றிப் பேச வேண்டும். நிரலை ஓடவிட்டுப் பிழையைத் தேடாமல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே முன்கூட்டிப் பிடிப்பதுதான் போக்கு என்று தொடங்குகிறேன். 1965இல் கணினி அறிஞர் டோனி ஹோர் கொண்டுவந்த, 'மதிப்பு எதுவும் இல்லை' என்று குறிக்கும் 'நல்'லுக்குக் (null) காட்லின் மொழி கடிவாளம் போட்டதைச் சொல்லிவிடலாம். அதுவரை சரி.

2015இல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட்டில்தான் முழி பிதுங்குகிறது. ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே சொந்தக்காரர் என்கிற 'உரிமை'க்கு (ownership) மாட்டுத்தாவணி வண்டி ஸ்டாண்ட் டோக்கன் வைத்திருக்கிறேன்: டோக்கனை நண்பனிடம் கொடுத்தாச்சு என்றால் வண்டி அவன் பொறுப்பு, இனி நான் போய் நின்றால் எடுக்கவிட மாட்டார்கள். உரிமையை வாங்காமல் தரவை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் 'இரவல்' (borrowing) வந்ததும் உவமை நொண்டுகிறது. ஒரு தரவை ஒரே நேரத்தில் பலர் பார்க்கலாம். ஒருவர் மாற்றும்போது மட்டும் வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இதற்கு நம்மூர் உதாரணம் ஏதாவது சொல்லுங்களேன். நூலகப் புத்தகம் வேண்டாம், பசங்க தூங்கிவிடுவார்கள்.

அப்புறம், தமிழிலேயே நிரல் எழுதும் எழில் மொழியில் நிபந்தனைக்குப் பின்னால், 'if' என்ற பொருளில், 'ஆனால்' வருகிறதே, அதை வகுப்பில் காட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?